பழைய ஜீப்பில் சி.ஆர்.டி.இ. எஞ்சின்: ஏற்றிய பிறகு வரும் கோளாறுகளும் தேட வேண்டிய இடங்களும்

எஞ்சின் மாற்றிய ஜீப் மக்கர் செய்தால் முதல் பழி பம்ப் மேலும் இன்ஜெக்டர் மேலும்தான் விழும். பெரும்பாலும் அவை நிரபராதிகள். கோளாறு ஒளிந்திருப்பது பழசும் புதுசும் ஒட்டும் இடத்தில்: பழைய டேங்க் புது பம்ப்போடு சேரும் இடம், பழைய எர்த் புது கம்ப்யூட்டரோடு சேரும் இடம், பழைய ஆர்.சி. புது எஞ்சின் எண்ணோடு சேரும் இடம். எஞ்சினோடு வந்த கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பெட்டிக்குத் தான் வீடு மாறியது தெரியாது. பழைய வண்டியில் இருந்த பிரேக் சுவிட்ச், ஸ்பீடு சென்சார், சாவி எல்லாவற்றையும் இங்கேயும் தேடும். கிடைக்காவிட்டால் முரண்டு பிடிக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டது மஹிந்திரா எம்.எம்.540. அதில் வந்தது 2112 சி.சி., 62 குதிரைத்திறன் பெஜோ எஞ்சின். ஏற்றியது பழைய மஹிந்திரா தார் ஜீப்பில் வந்த 2498 சி.சி. சி.ஆர்.டி.இ.: 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். சி.ஆர்.டி.இ. என்பது காமன் ரெயில் டீசல் எஞ்சின்: பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் ரெயில் என்ற ஒரே குழாயில் நின்று, அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். வேறு காமன் ரெயில் எஞ்சினுக்கும் தேடும் வரிசை இதேதான். அளவுகள் மட்டும் கொஞ்சம் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர், ஒரு மீட்டர் நிறமில்லாத டீசல் பைப், ஒரே அளவில் நான்கு சின்ன பாட்டில், ஒரு டயல் கேஜ். பி0335 மாதிரியான கோளாறு கோட் மட்டும் படித்து அழிக்கும் மலிவான ஸ்கேனர் இந்த வேலைக்கு உதவாது.

“வண்டி நல்லா ஓடுது, ஆர்.சி. வேலைதான் நகரல”

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற எல்லாக் கோளாறையும் ஸ்பானரால் சரிசெய்யலாம், இதை முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே மாடல் எஞ்சின் போட்டு, எண்ணை மட்டும் ஆர்.சி.யில் மாற்றுவது ஒரு வகை. 2112 சி.சி. இருந்த இடத்தில் 2498 சி.சி. வைப்பது வேறு வகை. இரண்டாவது கேட்டதும் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே விண்ணப்பித்து, எழுத்தில் பதில் கைக்கு வந்த பிறகு பழைய எஞ்சினின் போல்ட்டில் கை வையுங்கள். “ஏஜென்ட் பாத்துக்குவார்” என்பது அனுமதி ஆகாது.

காகிதம் சிக்கும் இடங்கள் இவை. எஞ்சின் வாங்கிய பில்லில் எஞ்சின் எண் இருக்காது. கொடுத்த வண்டியின் ஆர்.சி. நகல் இருக்காது. வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதக் கடிதம் இருக்காது. இந்த மூன்றும் இல்லாமல் பழைய இரும்புக் கடையில் மலிவாக வந்த எஞ்சின் திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம். ஆர்.சி.யில் மாற்றம் ஏறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி உண்டு.

இன்னொன்று, ஏற்றும்போதே கவனிக்க வேண்டியது. எஞ்சின் எண் அடித்திருக்கும் தளத்தை மவுண்டிங் பிராக்கெட்டோ இன்டர்கூலர் பைப்போ மறைத்துவிடும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் அந்த எண்ணைப் பார்ப்பார். கண்ணாடி வைத்துக் காட்டும் நிலை வந்தால் சந்தேகம்தான் வளரும். எஞ்சினை ஜீப்புக்குள் இறக்குவதற்கு முன் எண்ணைத் துடைத்து, பென்சில் பிரிண்ட் எடுத்து, போட்டோவும் எடுத்துவிட்டு, அந்த இடம் வெளியே தெரியும்படி பைப்பை வளையுங்கள்.

“செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல”

ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே நான்கு எண்ணைப் பாருங்கள்: சுற்று, ரெயில் அழுத்தம், பேட்டரி வோல்ட், சாவி நிலை.

சுற்று பூஜ்யம் என்று காட்டினால் கிராங்க் சென்சார், கோட் பி0335. சென்சார் ஃப்ளைவீல் பல்லைப் படிக்கும் எஞ்சினில், பழைய கியர் பாக்ஸுக்குப் பொருந்தட்டும் என்று லேத்தில் வேறு ஃப்ளைவீல் கடைந்து போட்டிருந்தால் சென்சாருக்குப் படிக்க எதுவும் இருக்காது. சென்சாரை மாற்றிப் பயனில்லை.

வோல்ட் 9.6-க்குக் கீழே போனால் ஈ.சி.எம். பாதியில் தூங்கி எழுந்திருக்கும். பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த்தைச் சோதியுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் முளையில் வையுங்கள், க்ளாம்ப்பில் அல்ல, முளையிலேயே. மறு முனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பில் அழுத்துங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. பிறகு மறு முனையை மட்டும் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எண் குதிக்கும் இடம்தான் குற்றவாளி. பழைய ஜீப்பில் அது அனேகமாக சேஸில் எர்த் லக் உட்காரும் இடமாக இருக்கும்: நாலு கோட் பெயிண்ட், அதன் அடியில் துரு, அதன் மேல் பளபளவென்று புது லக். சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, அதற்குப் பிறகு மேலே பெயிண்ட் அடியுங்கள். எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஒன்று தனியாகப் போகட்டும். ஈ.சி.எம். எர்த்தை சேஸில் குத்தாமல் அதையும் பேட்டரிக்கே கொண்டு போங்கள்.

சுற்று வருகிறது, வோல்ட் சரி, ரெயில் அழுத்தம் மட்டும் 200 பார் தொடவில்லை என்றால் இன்ஜெக்டர் திறக்காது. டீசல் வரவில்லை, அல்லது காற்று வருகிறது, அல்லது இன்ஜெக்டர் ரிட்டர்னில் ஒழுகுகிறது. கடைசியானதைக் கண்டுபிடிக்கத்தான் நான்கு பாட்டில். நான்கு இன்ஜெக்டர் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, எஞ்சின் ஓடினால் இரண்டு நிமிடம் ஐடிலில், ஓடாவிட்டால் பத்து நொடி செல்ஃபில் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல் இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது. புதிது போட்டால் அதன் தலையில் உள்ள கோட் எண்ணை ஸ்கேனர் வழியாக ஈ.சி.எம்.மில் ஏற்ற மறக்காதீர்கள். ஏற்றாமல் ஓட்டினால் ஐடில் தட்டும், புகையும் வரும்.

பழைய கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. பெஜோ எஞ்சினில் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கம் இங்கே கூடவே கூடாது. எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப்பைத் தளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத டீசல் ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகும். அது பார்க்கச் சின்னக் காயமாக இருக்கும், விரலே போகலாம். ஏர் எடுப்பது ஃபில்டர் மேல் உள்ள கைப்பம்ப்பில் மட்டும், அது கெட்டியாகும் வரை.

முதல் மூன்று எண்ணும் சரி, சாவி நிலை மட்டும் இடிக்கிறது, டேஷில் சாவி லைட் மினுக்குகிறது என்றால் இம்மொபிலைசர், அதாவது தன் சாவி இல்லாமல் எஞ்சினைப் பிடிக்கவிடாத திருட்டுத் தடுப்பு. எஞ்சின் வாங்கும்போதே ஈ.சி.எம்., சாவி, சாவித் துவாரத்தைச் சுற்றிய காயில், பெடல், மொத்த வயரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வாங்கவில்லை என்றால் மிச்சம் பிடித்த பணம் இங்கே கரையும்.

“ஸ்டார்ட் ஆகி நின்னுடுது, மேட்டுல இழுக்காம திணறுது”

பி0087, ரெயில் அழுத்தம் போதவில்லை. இந்த பம்ப் டேங்கிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். எனவே டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதால் லீக் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் நிறமில்லாத பைப்பைப் போட்டு ஓட்டுங்கள். முதல் நிமிடம் ஒன்றிரண்டு குமிழி வந்து அடங்கினால் பரவாயில்லை. நூலில் கோத்த மணி மாதிரி விடாமல் வந்தால் பின்னால் போய்த் தேடுங்கள்: டேங்க் உறிஞ்சு குழாயின் பற்றவைப்பு, காய்ந்து வெடித்த பழைய ரப்பர் ஹோஸ், திருகு க்ளிப். குமிழியே இல்லை, ஆனால் பைப் சப்பிப் போகிறது என்றால் அது அடைப்பு. டேங்க் துரு ஜாலியில் உட்கார்ந்திருக்கும். டேங்கை இறக்கி உள்ளே கழுவாமல் புது பம்ப்போடு இணைப்பது, பம்ப்புக்கு நாள் குறிப்பது மாதிரி.

ரிட்டர்ன் பைப் அடுத்தது. பெஜோ எஞ்சினின் ரிட்டர்ன் கொஞ்சம், சி.ஆர்.டி.இ. திருப்பி அனுப்புவது ஏராளம், அதுவும் சூடாக. பழைய மெல்லிய பைப்பிலேயே கோத்தால் பின்னழுத்தம் ஏறி ஐடில் ஆடும். டி போட்டு சப்ளையிலேயே சேர்த்துவிட்டால் சூடான டீசல் அங்கேயே சுற்றும். ரிட்டர்ன் 8 மில்லிமீட்டர் உள் விட்டத்தில், டேங்க் வரை, உறிஞ்சு குழாய்க்கு எதிர்ப்பக்கமாக இறங்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் டேங்க் கால்வாசியாக இருக்கும்போது மட்டும் இழுவை குறைகிறதா? இந்தச் சூட்டு டீசல்தான். டேங்கை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். சரியானால் ரிட்டர்னில் ஒரு சின்ன டீசல் கூலர் போடுவதே நிரந்தரத் தீர்வு.

“பெடல் மிதிச்சாலும் சுத்து ஏறல”

லிம்ப் மோட், அதாவது கோளாறைக் கண்டு ஈ.சி.எம். எஞ்சினின் சக்தியைக் கட்டிப்போட்ட நிலை. முதலில் பி2138 இருக்கிறதா பாருங்கள், பெடலின் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். போஷ் வகையில் பொதுவாக இரண்டாவது சிக்னல் முதலாவதில் பாதி. பெடலை மெல்ல மிதித்து இறக்கி ஸ்கேனரில் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா பாருங்கள். நடுவில் துள்ளினால் பெடல் தேய்ந்தது. ஓடும்போது மட்டும் துள்ளினால், பெடல் சென்சாரின் எர்த் ஒயரை யாரோ சேஸில் முடிந்திருப்பார்கள். அது ஈ.சி.எம்.முக்கே திரும்பிப் போக வேண்டும். ஜீப்பின் முன் தகடு மெல்லியது. பெடலுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் பட்டை கொடுக்காவிட்டால் காலை வைத்ததும் தகடே வளைந்து கொடுக்கும்.

பெடல் சரியென்றால் பிரேக் சுவிட்ச். ஜீப்பின் பழைய சுவிட்சில் ஒரே தொடர்பு, விளக்குக்கு மட்டும். ஈ.சி.எம். எதிர்பார்ப்பது இரண்டு: மிதித்தால் ஒன்று சேரும், மற்றொன்று பிரியும். எஞ்சின் வந்த வண்டியின் சுவிட்சையே பிராக்கெட் செய்து மாட்டுங்கள். ஸ்பீடு சென்சாருக்கு, மீட்டர் கேபிளின் நடுவில் மாட்டும் ஹால் சென்சார் போதும்.

“சூடு ஏறுது”

வேலூர் வெயிலில் இது வராத வண்டி குறைவு. எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மெதுவாக ஏறும்போது மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டால் ஃபேன் காற்று போதவில்லை. ஃபேனைச் சுற்றிக் கூண்டு இருக்கிறதா, இறக்கை முனைக்கும் கூண்டுக்கும் இடைவெளி 25 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். கூண்டே இல்லாமல் இரண்டு எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டரில் நேராகக் கட்டிவிட்டால் ஃபேன் மறைக்காத மூலைகளுக்குக் காற்றே போகாது. நேர்மாறாக, மெதுவாகப் போனால் சரி, 80-ல் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரே சிறிது. பெஜோவின் ரேடியேட்டரை வைத்து 105 குதிரையை ஆற்றப் பார்ப்பது வீண். அதற்கு முன்னால் இன்டர்கூலரும் வேறு நிற்கிறது.

தண்ணீர் மாற்றியதும் சூடானால் ஏர் லாக். ஜீப்பின் போனட் தாழ்வு. எஞ்சினின் மேல் பைப் ரேடியேட்டர் வாயைவிட உயரத்தில் போய்விடும். மேல் தொட்டியை ஃபயர்வால் பக்கம், எல்லாவற்றிலும் உயரமாக வைத்து, எஞ்சின் மேலிருந்து ஒரு மெல்லிய ஏர் பைப்பை அதற்கு விடுங்கள். ஏர் எடுத்த பின்னும் மேல் தொட்டியில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்.

கூலன்டில் போர் தண்ணீர் கலக்காதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் பகுதிகளில் நிலத்தடி நீரின் உப்பு ஊரறிந்த விஷயம். பழைய வார்ப்பிரும்பு அதைப் பொறுத்துக்கொண்டது. அலுமினிய ரேடியேட்டர் பொறுக்காது. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி.

சோதனைக்கு நெடுஞ்சாலை வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாம் கியரில் ஏறுங்கள். மேலே போனதும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு ஸ்கேனரில் வெப்பத்தைப் பாருங்கள். டேஷ் மீட்டரை நம்பாதீர்கள். பழைய மீட்டரும் புது சென்சாரும் வேறு வேறு கணக்குப் பேசும்.

“புகை டெஸ்ட்ல நிக்குது”

டீசல் வண்டிக்கு எஞ்சினைச் சூடாக்கி, நியூட்ரலில் பெடலைச் சட்டென்று முழுக்க மிதித்து, புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பி.எஸ்.-4 என்ற மாசு விதிக்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதாவது மீட்டருக்கு 2.45, பி.எஸ்.-4க்கு 50, அதாவது 1.62. எம்.எம்.540-ன் ஆர்.சி.க்கு 65தான் பொருந்தும். ஆனால் ஆரோக்கியமான சி.ஆர்.டி.இ. அந்த எண்ணின் பக்கத்திலேயே வராது. 30 தாண்டினாலே கோளாறு என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். டெஸ்ட் பாஸ் ஆனதால் எஞ்சின் மாற்றம் சட்டப்படி ஆகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தச் சீட்டு அன்றைய புகைக்கு மட்டும்தான் சாட்சி.

கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு. இன்டர்கூலர் பைப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு பாருக்கு மேல் போகாமல் காற்றடித்துப் பாருங்கள். அடுத்து பலரும் தவறவிடுவது ஏர் ஃப்ளோ சென்சாரின் கூடு. இடம் போதவில்லை என்று சென்சாரை மட்டும் கழற்றி வேறு விட்டமுள்ள பைப்பில் பொருத்தியிருந்தால், ஈ.சி.எம். தப்பான காற்றுக் கணக்கில் டீசல் ஊற்றும். கூட்டோடு, வளைவிலிருந்து தள்ளி, நேர்ப் பைப்பில் வையுங்கள்.

வெளியேறும் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைத்தால் புகை குறையும் என்ற யோசனை பட்டறைக்குப் பட்டறை கிடைக்கும். கறுப்பு குறையலாம், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், பி0401 எரியும், சில ஈ.சி.எம். இழுவையையே குறைத்துவிடும். வால்வைக் கழற்றி கரியைச் சுத்தம் செய்வது அரை நாள் வேலை. அதைச் செய்யுங்கள். சைலன்சர் வரிசையில் வரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் விட்டுவிடாமல், டர்போவுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். தூரம் போனால் சூடு பிடிக்காது.

நீலப் புகை என்றால் டர்போவின் ஆயில் வடிகுழாய். ஏற்றும்போது எஞ்சினைப் பின்பக்கம் சாய்த்ததில் குழாய் மட்டமாகிவிட்டதா பாருங்கள்; வழி நெடுக கீழ்நோக்கியே இறங்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.-6 எஞ்சினை ஏற்றியவர்களுக்கு வேறு ஒரு அறிகுறி: டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போகும். கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காக ஊற்றும் கூடுதல் டீசலில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். ஜவ்வாது மலைத் தடத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே ஊரும் ஜீப்பில் அந்தச் சுத்தம் பாதியிலேயே நின்று, மறுபடி மறுபடி தொடங்கும். இதற்குச் சரியான வைத்தியம் கிடையாது. பழைய ஜீப்புக்கு அந்த எஞ்சின் சரிப்படாது.

“சார்ஜ் ஆகல”

ஆல்டர்னேட்டரை எழுப்புவது டேஷில் எரியும் சார்ஜ் பல்பு வழியாகப் போகும் மின்சாரம். அங்கே எல்.இ.டி. போட்டிருந்தால் எழும்பாது. 3 வாட் சாதா பல்பு போடுங்கள்.

“ஆடுது, தட்டுது, உடையுது”

நின்ற இடத்தில் கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறது என்றால் புது எஞ்சினையும் பழைய கியர் பாக்ஸையும் சேர்க்கும் அடாப்டர் பிளேட் மையம் தவறியிருக்கலாம். டயல் கேஜை ஃப்ளைவீலில் கட்டி, ஹவுசிங்கின் உள் வட்டத்தைச் சுற்றுங்கள், 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. ஆடும் பிளேட்டோடு ஓட்டினால் பைலட் பேரிங்கும் கியர் பாக்ஸின் முன் பேரிங்கும் வரிசையாகப் போகும்.

50-60 வேகத்தில் மட்டும் உடம்பு அதிர்ந்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனையிலும் ஆக்சில் முனையிலும் கோணம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கியிருந்தால் பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

80-ல் எஞ்சின் கத்துகிறது என்றால் கோளாறு எதுவும் இல்லை, கணக்குதான். 5.38 விகித ஆக்சில், 7.00-16 டயரோடு டாப் கியரில் 80 போக சுமார் 3,000 சுற்று வேண்டும். 4.27 விகிதம் இருந்தால் 2,400-க்குள் முடிந்துவிடும். ஆனால் முறுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கானதை ஆக்சில் ஷாஃப்ட் மறக்காது. லோ கியரில், ஒரு சக்கரம் பாறை இடுக்கில் சிக்கியிருக்கும்போது பெடலை அழுத்தினால் பின் ஷாஃப்ட் ஸ்ப்லைனில் முறுக்கிக்கொண்டு போகும். கழற்றிப் பார்த்தால் பல் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்த ஷாஃப்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் “டங்” என்று ஒரு சத்தம் வந்தால் ஆயில் சம்ப்பும் முன் ஆக்சிலும் முட்டுகின்றன. முன் சேஸை ஜாக்கியில் தாங்கி, பம்ப் ஸ்டாப் தொடும் வரை ஆக்சிலை இன்னொரு ஜாக்கியால் ஏற்றுங்கள். நடுவில் ஒரு களிமண் உருண்டையை வைத்து நசுக்கி, இறக்கி எடுத்து அளந்து பாருங்கள். 25 மில்லிமீட்டர் தடிமன் இல்லாவிட்டால் மவுண்டிங்கை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் ஷாஃப்ட் கோணத்தை மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும்.